டிஸ்க்குக்குள் நடந்த கால்கள்

நகலக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகல் எடுத்து முடித்த அடுத்த நிமிடமே அசலைக் கறுப்புத் துணியில் சுற்றுவாள். துணிக்கு இரண்டு முடிச்சு. அதைத் தகர டப்பாவில் போட்டு மூடி, டப்பாவைக் கைப்பைக்குள் தள்ளிய பிறகுதான் நகலுக்குக் கரண்ட் கொடுப்பாள்.

"அசலும் நகலும் ஒரே கூரைக்குக் கீழே ஒண்ணா கண் முழிக்கக் கூடாது" என்பாள்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பொம்பளை பேய் ஓட்டுகிறவள் மாதிரிப் பேசுகிறாளே என்று கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் அவள் டப்பாவை மூடுகிறவரைக்கும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

உள்ளபடிக்கு இதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்க்கை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். செங்கல் சுவர் வைத்து அறை அறையாகத் தடுப்பது ஒரு விதம். சுவரே எழுப்பாமல் பெரிய கூடம் ஒன்றைத் திரைச்சீலை தொங்கவிட்டு அறைகளாக்குவது இன்னொரு விதம். இந்தத் திரைச்சீலை அறைக்குத்தான் லாஜிக்கல் வால்யூம் என்று பெயர். இடம் போதாவிட்டால் திரையை நகர்த்திக்கொள்ளலாம், வசதிதான். ஆனால் கூடத்துக்கென்று ஓர் அடையாள எண் உண்டு. உலகத்தில் வேறெந்தக் கூடத்துக்கும் அந்த எண் கிடையாது. நகல் எடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். அப்புறம் இரண்டு டிஸ்க்கையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால், "நான்தான் அவள்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். புதுக் கம்ப்யூட்டராக இருந்தால் இரண்டு பேரின் முகத்திலும் கதவைச் சாத்தும். பழையது கொஞ்சம் அசடு. எவள் குரல் முதலில் கேட்கிறதோ அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வேலையைக் கொடுத்துவிடும். மறுநாள் மற்றவள் முந்திக்கொண்டால் அவளுக்கு.

இதையெல்லாம் யாரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? கூரை, கண்முழிப்பு என்று மிரட்டினால் ஜனங்கள் சொன்னபடி கேட்டார்கள். நாளாக ஆக அவளே பாதி நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது வேறு விஷயம்.

பத்தொன்பது வயதிலிருந்து அவளுக்கு இதே பிழைப்பு. முதலில் டைப்ரைட்டரும் கார்பன் தாளும். ஒரே அடியில் ஏழு பிரதி எடுப்பாள். ஏழாவது பிரதியில் எழுத்து இருக்காது, எழுத்தின் ஆவிதான் இருக்கும். அப்புறம் கேசட் பதிவு செய்கிற கடை. அப்புறம் டிஸ்க். சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருடைய எழுத்தும் பாட்டும் படமும் அவள் கை வழியாகத்தான் மறுபிறவி எடுத்தன. டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டே அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். ஒரு வக்கீல் டிஸ்க்கைக் காட்ட வந்து, பேச்சுக்கு நடுவே நாலு தடவை இருமினார். "டிஸ்க்குக்கு ஒண்ணுமில்லை சார். நீங்கதான் டாக்டரைப் பாக்கணும்" என்றாள். டாக்டரும் அதையேதான் சொன்னாராம்.

அவள் புருஷன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவருடைய தங்கை, அதாவது நாத்தனார், கல்யாணமே செய்துகொள்ளாமல் அதே வீட்டில் இருந்தாள். அவர் உயிரோடிருந்தபோது இரண்டு பேரும் அவரை நடுவில் வைத்துச் சண்டை போட்டார்கள். அவர் போனபிறகு நேரடியாகப் போட்டார்கள். ஒருத்தி இல்லாவிட்டால் மற்றவளுக்குச் சண்டை போட ஆளில்லை என்கிற ஒரே காரணத்துக்காக இருவரும் ஒருவர் உடம்பை ஒருவர் கவனித்துக்கொண்டார்கள்.

நாத்தனார் துணிக்கடையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவள். அந்தக் கால்களுக்குள் ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. முழங்காலுக்குக் கீழே இரண்டையும் எடுத்தாக வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

"ஒரு வாரம் இருக்கில்ல?" என்றாள் நாத்தனார். "அதுக்குள்ள என் காலை நகலெடுத்து வையுங்க அண்ணி. எவ காலையோ மாட்டிக்கிட்டு நான் நிக்க மாட்டேன்."

"நான் டிஸ்க்கைத்தான்டி நகலெடுப்பேன்."

"அப்போ யாரு காலை நகலெடுப்பாங்களோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க. முப்பது வருஷமா நகல் நகல்னு பீத்திக்கிட்டீங்களே!"

அப்படித்தான் கால் மாஸ்டர் வந்தார். நாலு தெரு தள்ளி, ஒரு மாடியில் செயற்கைக் கால் பட்டறை வைத்திருக்கிறவர். கையில் பிடிக்கிற ஒளிக்கருவி ஒன்றைக் கொண்டுவந்து, நாத்தனாரின் இரண்டு கால்களையும் சுற்றிச் சுற்றி அளவெடுத்தார். இடது கணுக்காலில் ஒரு முண்டு உண்டு. எட்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து எலும்பு கோணலாகக் கூடியது. "அந்த முண்டு வரணும். அது இல்லைன்னா அது என் காலே இல்லை" என்றாள் நாத்தனார். "வரும்மா" என்றார் மாஸ்டர். ஐந்தாம் நாள் கால்களை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கால்கள் இந்த உலகத்தில் இருந்தது ஒரே இடத்தில்தான்: மாஸ்டருடைய பட்டறைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில்.

நடக்க ஆரம்பித்தது மூன்றாவது வாரத்தில்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்திருந்த நாத்தனார், ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சட்டென்று போர்வையை விலக்கிப் பார்த்தாள். "அண்ணி, கால் நடக்குது."

"இல்லாத கால் எங்கடி நடக்கும்?"

"நடக்குது. இடது... இடது... மறுபடியும் இடது. நொண்டி நொண்டி."

கால் போன பலருக்கும் இப்படித் தோன்றும், மூளை இன்னும் மறக்கவில்லை என்றார் டாக்டர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று நகலக்காவும் தேற்றிக்கொண்டாள். ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு நடை தொடங்கியது. மாலை ஆறுக்கு நின்றது. வாரத்தில் ஒரு நாள் நடையே இல்லை.

அடுத்த வாரமே மாஸ்டர் போன் செய்தார். "அக்கா, டிஸ்க்கிலிருந்து சத்தம் வருது. நீங்க வந்து கேக்கணும். எனக்குச் சொல்லத் தெரியலை."

பட்டறை மாடியில் கால்கள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பஞ்சு மாதிரியான வெள்ளைக் கட்டியைக் கால் வடிவத்தில் செதுக்குகிற மெஷின் ஒரு மூலையில். அதற்குப் பக்கத்தில், தூசி படிந்த பழைய கம்ப்யூட்டர். நகலக்கா குனிந்து காதை வைத்தாள்.

டொக். ஒரு சின்ன இடைவெளி. டொக். இடைவெளி. டொக்.

டிஸ்க் சாகிற சத்தங்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. கீச்சிடுவது, உரசுவது, முனகுவது. இது அவற்றில் எதுவும் இல்லை. மரத்தரையில் ஒற்றைக் காலால் யாரோ நடந்து போகிற சத்தம். மேலே தொங்கிய கால்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பட்டறை எத்தனை மணிக்குத் திறப்பீங்க மாஸ்டர்?"

"பத்துக்கு. ஆறுக்குச் சாத்திடுவேன். திங்கள் லீவு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்லை."

அவள் பகுத்தறிவுக்காரி. பட்டறை நேரம் நாத்தனாருக்கும் தெரிந்திருக்கும், அதனால் தோன்றுகிறது என்று மனதுக்குள் முடித்துக்கொண்டாள். ஆனால் மாஸ்டர் விடவில்லை. "நேத்து மட்டும் இந்தத் தெருவுல கரண்ட் இல்லைக்கா. ஒன்றரைக்குத்தான் போட்டேன். போட்டதும் டொக்குன்னு ஆரம்பிச்சுது." நேற்று நாத்தனார், மதியம் சாப்பிட்டுக் கைகழுவும்போதுதான், "இன்னைக்கு லேட்டா கிளம்பியிருக்காங்க" என்று சொன்னாள். நாலு தெரு தள்ளிக் கரண்ட் போனது வீட்டில் இருந்த யாருக்கும் தெரியாது.

நகலக்கா அந்தப் பேச்சை அங்கேயே விட்டாள். "வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?"

"வாராவாரம் எடுக்கிறேனே."

"எங்கே?"

"இதே டிஸ்க்லதான். பக்கத்து வால்யூம்ல."

"நல்லா இருக்கு! மாற்றுச் சாவி செஞ்சு அதையும் வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டின கதை."

அன்றே வேலையை ஆரம்பித்தாள். டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் துணி விரித்து வைத்தாள். வழக்கமான நகல் மென்பொருள் முதல் முயற்சியிலேயே கையை விரித்துவிட்டது. அது சுவர்களைத் தேடுகிற ரகம். இங்கே சுவர் இல்லை, திரைச்சீலைதான். வாசல்படியை மட்டும் நகலெடுத்துவிட்டு, "வீடு காலி" என்றது. இரண்டாவது முயற்சியில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முதல் துளியிலிருந்து கடைசித் துளிவரை அப்படியே ஊற்றுகிற முறைக்கு மாறினாள். அறுபத்தொரு சதவீதத்தில் டொக் என்று நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி அறுபத்தொன்று. அங்கே யாரோ குறுக்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

மூன்றாவது முயற்சிக்கு, படிக்க முடியாத இடத்தை விட்டுத் தாண்டிப்போய், பின்னால் திரும்பி வந்து படிக்கிற பொறுமைக்கார மென்பொருளைப் போட்டாள். அது தொண்ணூற்றொன்பதைத் தாண்டிப் போய், வேறொரு காரணத்தால் நின்றது. புது டிஸ்க் ஒரு மயிரிழை சின்னது. மேலே அச்சடித்த அளவு ஒன்றுதான், கம்பெனி ஒன்றுதான், அதே சாம்பல் நிறம்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு உள்ளே கடைசி ஓரத்தில் கொஞ்சம் இடம் குறைந்திருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய கறுப்பு டிஸ்க் ஒன்றை வரவழைத்து மறுபடி முதலிலிருந்து ஊற்றினாள். இரண்டு நாள் ஆனது. முடிவில், ஏழே ஏழு துளிகளைத் தவிர எல்லாம் வந்துவிட்டதாகச் சொன்னது திரை. அந்த ஏழும் எங்கே என்று ஒரு வரைபடமும் எழுதி வைத்தது. வெற்றிடத்தில் இருந்தால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கறுப்பு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரின் மேல் தட்டில் மாட்டினாள். வழக்கப்படி அசலைச் சுற்றத் துணியை எடுத்தபோது போன் அடித்தது. பக்கத்து வீட்டம்மா. நாத்தனார் சக்கர நாற்காலியிலிருந்து தானாகக் கட்டிலுக்கு மாறப் பார்த்துக் கீழே விழுந்துவிட்டாள், தையல் விட்டு ரத்தம் வருகிறது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நகலக்கா பதறினாள். மேஜையில் கிடந்த சாம்பல் டிஸ்க்கை எடுத்துக் கறுப்புத் துணியில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, டப்பாவில் தள்ளினாள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுத்தாள். வலது கால் திரையில் முழுசாக வந்தது. இடதைத் திறக்க நேரமில்லை. "பெட்டியை மூடி வச்சுடுங்க மாஸ்டர்" என்று படியிறங்கி ஓடினாள்.

மேஜையில் இரண்டு சாம்பல் டிஸ்க்குகள் கிடந்தன என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு இல்லை.

மறுநாள் மாஸ்டர் கம்ப்யூட்டர் பெட்டியை மூடப்போனார். கீழ்த்தட்டு காலியாக இருந்தது, அதற்கான வயர் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் ஒரு சாம்பல் டிஸ்க். அசல் அக்காவோடு டப்பாவில் போய்விட்டது, இதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். அப்படியானால் இது பெட்டிக்குச் சேர்ந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பொருளைச் சிந்தாமல் சிதறாமல் அதனதன் இடத்தில் வைக்கிற மனிதர் அவர். கீழ்த்தட்டில் வைத்து, வயரை மாட்டி, நாலு திருகாணியையும் முடுக்கினார்.

அதற்குப் பிறகு பட்டறையில் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் கால்களுக்குத் தோல் நிறம் பூசுகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

வலது கால் பிசகில்லாமல் செதுக்கி வந்தது. இடது கால் மட்டும் ஒரு நாள் திரையில் முழுசாக இருந்தது, முண்டும் சேர்த்து. மறுநாள் கணுக்கால் இருந்த இடத்தில் ஏழு ஓட்டைகள், யாரோ கடித்துப் பார்த்த மாதிரி. அதற்கு மறுநாள் மறுபடி முழுசு. மாஸ்டர் செவ்வாய்க்கிழமை செய்து சேமித்த வேலை புதன்கிழமை இல்லை; வெள்ளிக்கிழமை, ஒன்றும் நடக்காத மாதிரி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. முழுசாக இருந்த ஒரு நாளில் துணிந்து செதுக்கும் மெஷினில் ஏற்றினார். குதிகாலும் பாதமும் வந்தன. கணுக்காலுக்கு வந்ததும் டொக் என்று நின்றுவிட்டது. வெள்ளைக் கட்டிக்குள்ளிருந்து ஒரு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சுவருக்குள்ளிருந்து யாரோ வெளியே வரப்பார்த்து மாட்டிக்கொண்ட மாதிரி.

"அக்கா, இன்னும் நடக்குது" என்றார் போனில்.

"நடக்காது மாஸ்டர். நடந்தவன் என் வீட்டு டப்பாவுல இருக்கான். அது ஃபேன் சத்தமா இருக்கும்."

"முப்பது வருஷமா கால் செய்றேன். ஃபேனுக்கும் நடைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கட்டிலில் நாத்தனார் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். போர்வை முழங்காலோடு தட்டையாக முடிந்திருந்தது.

"அவர் சொல்றது சரிதான் அண்ணி. இன்னும் நடக்குது."

"நீ வேற ஆரம்பிக்காதே. அந்த டிஸ்க்குல கரண்டே இல்லை. டப்பாவுல கட்டி வச்சிருக்கேன்."

"எதைக் கட்டி வச்சிருக்கீங்களோ எனக்குத் தெரியாது. என் கால் உங்க டப்பாவுல இல்லை. நாலு தெரு தள்ளி இருக்கு. இடது கால் மட்டும். ரொம்பக் களைச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு நாள் தாங்குமோ என்னவோ."

"டிஸ்க்கைக் காதுல வச்சு நாள் கணக்குச் சொல்றது என் வேலைடி!"

"நீங்க காதால கேக்கறீங்க. நான் காலால கேக்கறேன்."

நகலக்கா கோபத்தோடுதான் எழுந்தாள். இவள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் டப்பாவைத் திறந்தாள். முதல் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டாவது முடிச்சை அவிழ்த்தாள். சாம்பல் டிஸ்க்கைத் தன் கருவியில் மாட்டி, அளவைப் பார்த்தாள்.

ஒரு மயிரிழை சின்னது.

கையிலிருந்த கறுப்புத் துணி நழுவிக் கீழே விழுந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இந்த ஆனை சறுக்கியதே அதன் வழக்கத்தின் மேல்தான். அவள் அந்த இரண்டு முடிச்சைப் போடாமல் இருந்திருந்தால் மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்டிருப்பார், அவளும் ஒரு முறை திரும்பிப் பார்த்திருப்பாள். முடிச்சுப் போட்டதால்தான் இரண்டு பேரும் நம்பினார்கள். மூன்று வாரமாக அசலும் நகலும் ஒரே பெட்டிக்குள், ஒரே எண்ணோடு, ஒன்றாகக் கண்விழித்துக்கொண்டிருந்தன. அசல் முந்திய நாளில் இடது கால் முழுசு. நகல் முந்திய நாளில் ஏழு ஓட்டை. வெற்றிடத்தில் இருக்கும் என்று நம்பிய அந்த ஏழு துளியும் நாத்தனாரின் கணுக்கால்.

"மாஸ்டர்! உடனே கம்ப்யூட்டரை அணைச்சுடுங்க. நாளைக்குக் காலையில நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று போனில் கத்தினாள்.

கட்டிலிலிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது. "நின்னுடுச்சு" என்றாள் நாத்தனார். சுவரில் மணி பதினொன்றே கால்.

மறுநாள் நாத்தனார் சக்கர நாற்காலியில் வந்தே தீருவேன் என்றாள். "என் கால். நான் இல்லாம யாரு கூப்பிட்டாலும் வராது." தூக்கிக்கொண்டு மாடியேற்ற மாஸ்டரும், லீவிலிருந்து வரவழைக்கப்பட்ட பூச்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மேலே போனதும் அவள் கூரையில் தொங்கிய கால்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "துணிக்கடை மாதிரியே இருக்கே. சாயம் போகாதில்ல?" என்றாள். பூச்சுக்காரர் சிரிக்கவில்லை.

நகலக்கா பெட்டியைத் திறந்து இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்தாள். இந்த முறை ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை நாடா ஒட்டி, பேனாவால் எழுதினாள். எழுதியதை மாஸ்டரையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். பிறகு இரண்டையும் தன் கருவியில் மாட்டினாள். திரைச்சீலை, எண் எதையும் கவனிக்காமல் வெறும் துளிகளை மட்டும் பார்க்கிற கருவி அது. ஏழு துளிகளின் வரைபடத்தைத் திறந்தாள். அந்த ஏழை மட்டும் அசலிலிருந்து வாங்கி நகலில் வைக்க வேண்டும். அசல் எத்தனை முறை கேட்டால் தாங்கும் என்று காதை வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாஸ்டர் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

பட்டனை அழுத்தினாள். டொக். படிக்க முடியவில்லை என்றது திரை. மறுபடி. டொக். முடியவில்லை.

"அவசரப்படறீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கண்களை மூடியிருந்தாள். "காலைத் தூக்கறதுக்கு முன்னாடியே இழுக்கறீங்க. நான் சொல்றப்போ அழுத்துங்க."

நகலக்கா மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

டொக். இடைவெளி. டொக். இடைவெளி.

"இப்போ."

அழுத்தினாள். முதல் துளி வந்தது.

"இப்போ." இரண்டாவது.

மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு "இப்போ"வுக்கும் ஒன்று. வெளியே தெருவில் வெயில் பளிச்சென்று அடித்தது, யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஆறாவதுக்குப் பிறகு நடையின் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"கொஞ்சம் இருங்க. மரத்துப் போச்சு" என்றாள் நாத்தனார். குனிந்து, இரண்டு கைகளாலும், நாற்காலிக்குக் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், தேய்த்துவிட ஆரம்பித்தாள். கணுக்கால் இருக்க வேண்டிய உயரம். கட்டைவிரல் ஒரு முண்டைச் சுற்றிப்போகிற மாதிரி வளைந்து போனது. பூச்சுக்காரர் படியிறங்கிப் போய்விட்டார்.

டிஸ்க் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம்.

"இப்போ அண்ணி. இப்போ!"

அழுத்தினாள். டொக்.

ஏழு.

அதற்கு அப்புறம் அசல் டிஸ்க் நின்றுவிட்டது. கீச்சிடவில்லை, முனகவில்லை. நடந்து வந்தவர் நாற்காலி கிடைத்ததும் உட்கார்ந்த மாதிரி நின்றது. நாத்தனார் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவ்வளவுதான். இறங்கியாச்சு" என்றாள். அப்புறம், கால் போனபோதுகூட அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். நகலக்கா அவள் தோளைத் தட்டாமல், "மூக்கைச் சிந்து, திரையில தெறிக்குது" என்றாள். அவர்கள் வீட்டில் ஆறுதல் என்றால் அதுதான்.

கறுப்பு டிஸ்க்கைத் தனியாக மாட்டி, முதல் வேலையாக அதன் அடையாள எண்ணை மாற்றினாள். இனி அது யாருக்கும் நகல் இல்லை, அதுவே ஒரு ஆள். இடது கால் திரையில் முழுசாக வந்து நின்றது. அன்று மதியமே செதுக்கினார் மாஸ்டர். முண்டு வந்தது.

"பழைய டிஸ்க்கை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "துளை போட்டுடலாமா? எல்லாரோட அளவும் இருக்கு."

செய்ய வேண்டியது அதுதான். நகலக்கா தலையாட்டப் போனாள்.

"என் காலை ரெண்டாவது தடவை வெட்டுவீங்களா?" என்றாள் நாத்தனார்.

சரியான டிஸ்க் இப்போது கறுப்புத் துணிக்குள் போனது. இரண்டு முடிச்சுக்கு மேல் மூன்றாவதாக ஒன்றும் விழுந்தது. ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக நகலக்காவுக்கு மனம் வரவில்லை. நாத்தனார் புதுக் கால்களோடு நடமாடப்போகிற வீடு அது. அசலும் நகலும் ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம். டப்பாவைத் தன் கடையில், மேல் அலமாரியில், பழைய கார்பன் தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தாள்.

இரண்டு மாதத்தில் நாத்தனார் நின்றாள். மூன்றாவது மாதம் சுவரைப் பிடித்து நடந்தாள். ஐந்தாவது மாதம் ஒரு கைத்தடியோடு தெருவில் இறங்கி, பார்த்தவர்களிடமெல்லாம் புடவையை லேசாகத் தூக்கி முண்டைக் காட்டினாள்.

ஒரு நாள் மதியம் நகலக்கா கடையில் தனியாக ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். அலமாரிப் பக்கம் டொக் என்று கேட்டது. திருகாணியைக் கீழே வைத்தாள். இடைவெளி. டொக். மரப்பலகை காய்ந்து வெடிக்கிறதா, பல்லி வாலை அடிக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கதவு திறந்து நாத்தனார் உள்ளே வந்தாள். மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நூல் வாங்கத்தான் கிளம்பினேன் அண்ணி. அந்தக் கடை எதிர்த்திசை. கால் என்னை இங்க கொண்டுவந்து விட்டுடுச்சு. இது மூணாவது தடவை."

"நீ வழி தவறி வந்துட்டு என் கடைமேல பழி போடாதே."

"மேல என்ன வச்சிருக்கீங்க?"

நகலக்கா முக்காலியில் ஏறி, கார்பன் கட்டுகளை விலக்கி, டப்பாவை இறக்கினாள். மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன. துணியோடு எடுத்து நாத்தனார் மடியில் வைத்தாள். நாத்தனார் அதைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"பாரு, நல்லாப் பாரு" என்றாள் நகலக்கா. "வயர் இல்லை. கரண்ட் இல்லை. செத்துப் போய் அஞ்சு மாசம் ஆச்சு. இது எப்படிடி நடக்கும்?"

நாத்தனார் தன் கால்களை நீட்டி, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும்தான் கால் இல்லை அண்ணி. நான் நடந்து வரலையா?"